ஆயிரம் பேரில் 135 பேர்: டினீப்பர் கரையில் ஒரு சிறிய கிராமத்தின் சரித்திரம்



இந்த மாதப் பாடத்திற்கு நான் ஒரு சின்ன கிராமத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெரிய பட்டணம் அல்ல, பெயர்பெற்ற புண்ணிய ஸ்தலமும் அல்ல. உக்ரைன் தேசத்தின் தெற்கே, கெர்சோன் மாகாணத்தில், டினீப்பர் நதியின் வலது கரையில் இருக்கிற ஸ்மியீவ்கா என்கிற ஊர் அது. அதன் ஒரு பகுதிக்கு ஸ்வீடன் மொழியிலே 'கம்மல்ஸ்வென்ஸ்கபி' என்று பெயர். 'பழைய ஸ்வீடிஷ் கிராமம்' என்று அர்த்தம்.

என்ன இது, உக்ரைனில் ஸ்வீடன் கிராமமா என்று கேட்பீங்க. நானும் அந்தக் கேள்வியோடுதான் இதைப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க இன்னொரு கேள்வி எழும்பியது. ஒரு ஜனத்தைப் பிடுங்கி எடுத்து, ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் வெறும் புல்வெளியிலே போட்டால், அவங்க பேச்சும் பாட்டும் ஜெபமும் எத்தனை நாள் தாங்கும்? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு பாடத்தை வாசியுங்கள்.

1. தீவிலே குடியிருந்தவர்கள்

பால்டிக் கடலில், இன்றைய எஸ்தோனியா தேசத்தைச் சேர்ந்த ஹீயுமா என்ற தீவு உண்டு. ஸ்வீடிஷ்காரர்கள் அதை டாகோ என்பார்கள். அங்கே பல நூறு வருஷங்களாக ஸ்வீடன் மொழி பேசுகிற குடியானவர்கள் வாழ்ந்துவந்தார்கள். மீன் பிடித்தார்கள், பயிர் செய்தார்கள். சபையிலே ஸ்வீடன் மொழியில் வேதம் வாசித்தார்கள். லூத்தரன் மார்க்கத்தார் அவர்கள்.

அந்த நாட்களிலே எஸ்தோனியா ஸ்வீடன் ராஜாவின் ஆட்சியில் இருந்தது. 1721-ஆம் வருஷத்து நிஸ்டாட் உடன்படிக்கையின்படி அது ரஷ்யப் பேரரசின் கைக்குப் போனது. ராஜ்யம் மாறினால் சாதாரண ஜனத்துக்கு என்ன என்று நினைக்கலாம். ஆனால் மாறினது. இந்த ஸ்வீடிஷ் குடியானவர்கள் தங்களைச் சுதந்தரர் என்று நம்பினவர்கள். நிலப்பிரபுவோ அவர்களைத் தன் இஷ்டப்படி வேலை வாங்கலாம் என்று பார்த்தான். ஸ்டென்பாக் என்ற பிரபுவுக்கும் இவர்களுக்கும் உரிமை வழக்கு நீண்டுகொண்டே போனது.

அதே சமயத்தில் பேரரசி கேத்தரின் தெற்கே, கருங்கடலுக்குப் பக்கத்தில், புதிதாகப் பிடித்த நிலங்களில் குடிகளை ஏற்ற ஆள் தேடிக்கொண்டிருந்தாள். அந்தப் பகுதிகளுக்கு அதிகாரியாக இருந்தவன் பொடெம்கின். 1781-இல் அவளுடைய ஆணை பிறந்தது. தீவின் ஸ்வீடிஷ்காரர்கள் தெற்கே போக வேண்டும். அங்கே நிலம் கிடைக்கும், வீடு கிடைக்கும் என்று சொல்லப்பட்டது.

பிரியமானவர்களே, இங்கே கவனியுங்கள். பிரபுவின் பாரத்திலிருந்து விடுதலை என்று ஒரு பக்கம் சொல்லலாம். வேண்டாதவர்களை அப்புறப்படுத்துதல் என்று மறுபக்கமும் சொல்லலாம். இரண்டும் ஒரே ஆணைக்குள்ளே இருந்தது.

2. எட்டு மாதப் பிரயாணம்

1781 ஆகஸ்டு 20-ஆம் தேதி சுமார் ஆயிரம் பேர் தீவைவிட்டுப் புறப்பட்டார்கள். வரைபடத்தை விரித்து நான் அளந்து பார்த்தேன். நேர்க்கோட்டிலேயே 1,500 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. வண்டிப்பாதையில் இன்னும் அதிகம். கிழவர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள் எல்லாரும் அதில் உண்டு.

அது எப்படிப்பட்ட காலம் என்று யோசிச்சுப் பாருங்க. ஆகஸ்டு முடிந்தால் அந்த நாடுகளில் மழை, சேறு, பிறகு பனி. குளிர்காலத்தில் அவர்களால் மேலே போக முடியவில்லை. பொல்டாவாவுக்குப் பக்கத்தில் ரெஷெட்டிலோவ்கா என்ற இடத்தில் தங்கினார்கள். வழியிலேயே அநேகர் மரித்துப்போனார்கள். எஞ்சியவர்கள் 1782 மே 1-ஆம் தேதி டினீப்பர் கரையில் வந்து சேர்ந்தார்கள். எட்டு மாதத்திற்கும் மேலான பிரயாணம்.

3. வீடில்லாத இடம்

வந்தாச்சு. அப்புறம் என்ன ஆச்சு?

சொல்லப்பட்ட வீடுகள் அங்கே இல்லை. மரங்களும் இல்லாத புல்வெளி. ஹீயுமா தீவிலே காட்டு மரத்தை வெட்டி வீடு கட்டப் பழகினவர்கள் இவர்கள். இங்கேயோ கட்டுவதற்கு மரமே கிடையாது. தண்ணீரும் வெயிலும் அவர்களுக்குப் புதிது. சீதபேதி நோய் பரவியது. வழியில் மாண்டவர்களைவிட, வந்து சேர்ந்த முதல் வருஷத்தில் மாண்டவர்களின் பங்கு அதிகம். 1783 மார்ச் மாதத்தில் உயிரோடு இருந்தவர்கள் 135 பேர் மட்டுமே.

இந்த எண்ணைத் தாண்டி அவசரமாகப் போய்விட வேண்டாம். ஆயிரம் பேர் புறப்பட்டால் 135 பேர். ஏழு, எட்டு பேரில் ஒருவர். ஒரு வீட்டில் எட்டுப் பேர் இருந்தால், ஒருத்தர் மீதியானார் என்று கணக்கு. வீட்டிலே யார் பாட்டைச் சொல்லிக்கொடுப்பார்? யார் வித்து விதைப்பார்? யார் யாரை அடக்கம்பண்ணுவார்? இப்படிப்பட்ட கேள்விகளுக்கு நடுவிலேதான் அந்த கிராமம் பிறந்தது.

வாக்குக் கொடுத்தவர்களுக்கு இதில் எந்த நஷ்டமும் இல்லை. கொடுத்த வாக்கை நம்பி நடந்தவர்கள்தான் விலை செலுத்தினார்கள். சரித்திரம் முழுவதும் இது திரும்பத் திரும்ப வருகிறது. அதனால்தான் இதைப் பாடமாக எழுதுகிறேன்.

4. எப்படி நிலைத்தார்கள்?

சில வருஷங்களுக்குப் பிறகு, 1788-90 யுத்தத்தில் பிடிபட்ட ஸ்வீடிஷ் கைதிகள் சிலரை அரசு அங்கே கொண்டுவந்து குடியேற்றியது. 1804-லிருந்து ஜெர்மானியக் குடிகள் வந்து பக்கத்திலே மூன்று ஊர்களைக் கட்டினார்கள்: ஷ்லாங்கன்டார்ப், மூல்ஹவுசன்டார்ப், க்ளோஸ்டர்டார்ப். முதல் இரண்டும் லூத்தரன், மூன்றாவது ரோமன் கத்தோலிக்கம். ஸ்வீடிஷ்காரருக்கென்று ஒதுக்கப்பட்ட நிலத்தில் ஒரு பகுதி இவர்களுக்குப் போனது. அதனாலே நில வழக்கு நெடுநாள் நீண்டது. ஆனாலும் பக்கத்து ஊர் என்றால் பக்கத்து ஊர்தான். மாடு காணாமல் போனால் தேட வேண்டும், அறுவடை வந்தால் உதவ வேண்டும், பெண் கொடுத்தல், பெண் எடுத்தலும் இருந்தது.

பல ஆண்டுகள் அவர்களுடைய மொழி தெரிந்த போதகர் அவர்களுக்கு இல்லை. போதகர்கள் வந்தால் ஜெர்மன் மொழியிலே ஆராதனை. இந்த ஜனம் என்ன செய்தார்கள்? வீட்டில் இருந்த பழைய ஸ்வீடிஷ் வேதத்தையும் பாட்டுப் புத்தகத்தையும் பத்திரப்படுத்தினார்கள். ஊரில் படிக்கத் தெரிந்த உபதேசியார் சத்தமாக வாசித்துக் காட்டினார். தாய் மகளுக்கும், மகள் தன் மகளுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். ஸ்வீடன் தேசத்திலே மொழி மாறிக்கொண்டே போக, இங்கே தீவின் பழைய வழக்குப் பேச்சு அப்படியே இருந்தது. பின்னாளில் மொழி வல்லுநர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்பட்டார்கள். அலெக்ஸாண்டர் மன்கோவ் என்ற ரஷ்ய மொழியியலார் 2000-க்குப் பிந்தைய வருஷங்களில் அங்கே மீதியாயிருந்த சில மூதாட்டிகளிடம் உட்கார்ந்து அந்தப் பேச்சைப் பதிவு செய்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் ஸ்வீடனிலும் பின்லாந்திலும் உள்ள விசுவாசிகளுக்கு இவர்களைப் பற்றித் தெரியவந்தது. காணிக்கை சேர்த்து அனுப்பினார்கள். 1885-இல் பரிசுத்த யோவான் ஆலயம் திறக்கப்பட்டது. நூறு வருஷங்களுக்கு முன்னே 135 பேராக நின்ற ஜனம், தங்களுக்கென்று கல் ஆலயம் கட்டிக்கொண்டார்கள். அதே காலத்தில் நிலம் போதாத குடும்பங்கள் சில கனடாவுக்கும் புறப்பட்டுப்போயின.

5. 1929: ஊரே புறப்படுகிறது

1917 புரட்சிக்குப் பிறகு காலம் இறுகியது. 1921-22 பஞ்சத்தில் ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கம் உதவி செய்தது. அதன்பின் சோவியத் அரசு ஆலயங்களை நெருக்கத் தொடங்கியது. நிலம் கூட்டுப்பண்ணைக்குப் போகும் என்ற பயமும் வந்தது. அந்த ஊரைச் சேர்ந்த போதகர் கிறிஸ்டோபர் ஹோவாஸும் மற்றவர்களும் ஸ்வீடனுக்குப் போக அனுமதி கேட்டுப் பாடுபட்டார்கள். ஆச்சரியம் என்னவென்றால், அனுமதி கிடைத்தது.

1929-ஆம் வருஷம் ஜூலையில் 880-க்கும் அதிகமானோர் புறப்பட்டார்கள். கெர்சோனிலிருந்து கப்பலில் ருமேனியா, அங்கிருந்து ரயிலில் ஐரோப்பாவைக் கடந்து, கடைசியில் பால்டிக் கடலைக் கடந்து, ஆகஸ்டு 1-ஆம் தேதி ஸ்வீடனின் ட்ரெல்லபோர்க் துறைமுகத்தில் இறங்கினார்கள். 148 வருஷங்களுக்கு முன்பு தங்கள் பாட்டன்மார் கடந்த தூரத்தைப் பேரப்பிள்ளைகள் திரும்பக் கடந்தார்கள். துறைமுகத்திலே ஜனக்கூட்டம் வரவேற்றது. பத்திரிகைகள் எழுதின.

கதை இங்கே முடிந்திருந்தால் நாமெல்லாம் சந்தோஷமாக எழுந்து போயிருப்போம்.

6. திரும்பிப் போனவர்கள்

முதலில் யொன்ஷோப்பிங் பட்டணத்தின் படைவீட்டில் அவர்களைத் தங்கவைத்தார்கள். பிறகு குடும்பம் குடும்பமாகப் பிரித்து, வெவ்வேறு பண்ணைகளுக்கு அனுப்பினார்கள். சொந்த நிலத்தை உழுதவர்கள் இப்போது மற்றவருடைய வயலில் கூலியாட்கள். ஊராகச் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு அடுத்த வீட்டுக்காரர் அந்நியர். அந்த வருஷங்களில் உலகமெங்கும் பொருளாதார மந்தம் வேறு. அநேகர் கோட்லாந்து தீவில் நிலைத்துப் பண்ணை எடுத்து வாழ்ந்தார்கள். சிலர் கனடாவுக்குப் போனார்கள். சுமார் 250 பேர் 1930, 1931 வருஷங்களில் சோவியத் உக்ரைனுக்கே திரும்பிப் போய்விட்டார்கள்.

"ஏன் இப்படிச் செய்தாங்க?" என்று கேட்பது சுலபம். எகிப்துக்குத் திரும்ப ஆசைப்பட்ட இஸ்ரவேலரோடு இவர்களை ஒப்பிட்டுப் பிரசங்கிப்பதும் சுலபம். நான் அப்படிப் பிரசங்கிக்க மாட்டேன். அவர்களுக்கு அங்கே பிதாக்களின் கல்லறை இருந்தது, தங்கள் கையால் உழுத மண் இருந்தது, தங்கள் பேச்சைப் பேசுகிற அண்டைவீட்டார் இருந்தார்கள். ஸ்வீடன் அவர்களுக்குப் பாட்டுப் புத்தகத்திலிருந்த தேசம். டினீப்பர் கரையோ அவர்களுடைய வீடு. இரண்டுக்கும் நடுவே கிழிந்த மனதோடு திரும்பினார்கள்.

திரும்பினவர்களுக்குக் காத்திருந்தது கூட்டுப்பண்ணை. ஸ்வீடன் கம்யூனிஸ்ட் கட்சியின் பெயராலே அந்தப் பண்ணை நடந்தது. 'சிவப்பு ஸ்வீடிஷ் கிராமம்' என்றும் சொன்னார்கள். 1932-33-இல் உக்ரைன் முழுவதையும் விழுங்கின செயற்கைப் பஞ்சம் இந்த ஊரையும் பிடித்தது. விளைந்த தானியத்தை அரசு எடுத்துக்கொண்டது, விளைவித்தவன் பட்டினி கிடந்தான். சிலர் மறுபடியும் ஸ்வீடனுக்குப் போக வேண்டும் என்று பெயர் எழுதிக்கொடுத்தார்கள். அந்தப் பெயர்ப்பட்டியலே அவர்களைக் கைதுபண்ணக் காரணமாயிற்று.

7. யுத்தமும் முகாமும்

1941-இல் ஜெர்மானியப் படை அந்த நாட்டுக்குள் வந்தது. 1943-இல் பின்வாங்கிப்போகையில் கிராமத்தாரையும் மேற்கே கூட்டிக்கொண்டு போனது. யுத்தம் முடிந்தபோது சிலர் எப்படியோ ஸ்வீடன் சேர்ந்தார்கள். மற்றவர்கள் சோவியத் கையில் அகப்பட்டு, வடக்கே கோமி பகுதியின் கட்டாய உழைப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். சுமார் 150 பேர் என்று கணக்கு. உறைபனியிலே மரம் வெட்டும் இடம் அது. 1947-இல் அவர்கள் விடுவிக்கப்பட்டு ஊருக்குத் திரும்பினார்கள்.

தீவிலிருந்து புல்வெளி, புல்வெளியிலிருந்து ஸ்வீடன், அங்கிருந்து மறுபடி புல்வெளி, பிறகு மேற்கே, பிறகு வடக்கே, பிறகு மறுபடி ஊர். ஒரே பெண்மணியின் வாழ்நாளில் இதில் பெரும்பகுதி நடந்திருக்கக்கூடும். 1920-இல் பிறந்த ஒரு பிள்ளைக்கு 27 வயதாகும்போது அவள் இத்தனையும் பார்த்திருப்பாள்.

8. வேறொரு ஜனம்

இந்தப் பகுதியைத்தான் நான் அதிகமாகக் கவனிக்கச் சொல்லுவேன். 1951-இல் சோவியத் யூனியனும் போலந்தும் எல்லையிலே நிலத்தை மாற்றிக்கொண்டார்கள். கார்பாத்தியன் மலைப்பகுதியில் வாழ்ந்த போய்கோ என்ற உக்ரைனிய மலைவாசிகள் தங்கள் கிராமங்களை விட்டு வெளியேற்றப்பட்டு, தெற்கே புல்வெளிக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் அநேகர் வந்து சேர்ந்தது இந்த ஸ்மியீவ்காவிற்கே. மலையிலிருந்து மரமில்லாத சமவெளிக்கு!

170 வருஷங்களுக்கு முன்னால் ஸ்வீடிஷ்காரர் கண்ட அதே காட்சியை இவர்கள் கண்டார்கள். பிடுங்கப்பட்ட ஒரு ஜனத்தின் ஊருக்குள் பிடுங்கப்பட்ட இன்னொரு ஜனம் வந்து குடியேறியது. ஸ்வீடிஷ் கிராமமும் மூன்று ஜெர்மானிய ஊர்களும் சேர்ந்து ஒரே ஊராயின. ஊருக்கு வைத்த பெயரிலும் சரித்திரம் இருக்கிறது: ஷ்லாங்கன்டார்ப் என்றால் ஜெர்மன் மொழியில் பாம்பு கிராமம், உக்ரைனிய மொழியில் பாம்புக்கு 'ஸ்மியா'. அதிலிருந்து ஸ்மியீவ்கா. ஸ்வீடிஷ் பெயர் வரைபடத்திலிருந்து மறைந்துபோனது, வாயிலே மட்டும் மீந்தது.

1950-களில் ககோவ்கா அணை கட்டினபோது நதி விரிந்து பெரிய நீர்த்தேக்கமாயிற்று. தாழ்வான நிலங்கள் தண்ணீருக்குள் போயின. சோவியத் காலத்தில் ஆலயத்திலே ஆராதனை நின்றுபோயிருந்தது. காலம் இளகினபோது அது ஆர்த்தடாக்ஸ் ஆலயமாகத் திறக்கப்பட்டது. 2008 அக்டோபரில் ஸ்வீடன் ராஜா பதினாறாம் கார்ல் குஸ்தாவும் ராணி சில்வியாவும் இந்தக் கிராமத்துக்கு வந்தார்கள். பழைய பேச்சைப் பேசின மூதாட்டிகள் சிலர் அப்போது உயிரோடிருந்தார்கள். கோட்லாந்திலே அவர்களுடைய வம்சத்தார் ஒரு சங்கமாகக் கூடி, ஆகஸ்டு 1-ஆம் தேதியை நினைவுநாளாகக் கொண்டாடிவந்திருக்கிறார்கள்.

9. மறுபடியும் யுத்தம்

2022 பிப்ரவரி 24-இல் ரஷ்யா உக்ரைன்மேல் முழு யுத்தம் தொடுத்தது. கெர்சோன் பகுதி பிடிக்கப்பட்டது, இந்தக் கிராமமும் அதிலே அகப்பட்டது. 2022 நவம்பரில் நதியின் வலது கரை விடுவிக்கப்பட்டது. ஆனால் இடது கரையில் ரஷ்யப் படை நின்றது. ஆகவே ஊர் எதிரெதிர்க் கரையின் நடுவே, பீரங்கிக்கு எட்டும் தூரத்தில் அகப்பட்டுக்கொண்டது. 2023 ஜூன் 6-இல் ககோவ்கா அணை உடைக்கப்பட்டது. ஊருக்கு முன்னே கடல்போல் நின்ற தண்ணீர் வற்றிப்போனது. வயதான பலருக்கு வீட்டைவிட்டு வேறே போக்கிடம் இல்லை. போனவர்களுக்கோ, திரும்பி வந்தால் எது மீதியிருக்கும் என்று தெரியாது. 1781-இல் எழும்பின அதே கேள்வி: போகலாமா, இருக்கலாமா?

10. நாம் கவனிக்க வேண்டிய காரியங்கள்

முதலாவது, பெரியவர்கள் போடும் கையெழுத்துக்குச் சின்னவர்கள் விலை செலுத்துகிறார்கள். 1721 உடன்படிக்கை, 1781 ஆணை, 1951 எல்லை மாற்றம் எல்லாமே எங்கோ தூரத்திலே மேசைமேல் நடந்தவை. சாவு மட்டும் கிராமத்திலே நடந்தது. செய்தித்தாளில் எல்லை, உடன்படிக்கை, குடியேற்றம் என்று படிக்கும்போது, அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒரு கைக்குழந்தை இருக்கிறதென்று நினையுங்கள்.

இரண்டாவது, ஒரு ஜனத்தைக் காத்தது கல் ஆலயம் அல்ல. ஆலயம் 1885-இல்தான் வந்தது. அதற்கு முன் நூறு வருஷம் அவர்களைத் தாங்கினது வீட்டில் வாசித்த வேதம், தாய் சொல்லிக்கொடுத்த பாட்டு, உபதேசியார் குரல். இவை எல்லாம் கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடியவை.

மூன்றாவது, போனவனையும் குற்றம் சொல்லாதீங்க, இருந்தவனையும் குற்றம் சொல்லாதீங்க. 1929-இல் போனவர்களுக்குக் காரணம் இருந்தது. திரும்பினவர்களுக்கும் காரணம் இருந்தது. கண்ணீரோடு எடுத்த முடிவை, சாய்வு நாற்காலியிலே உட்கார்ந்து நியாயந்தீர்க்க நமக்கு உரிமை இல்லை.

நான்காவது, பிடுங்கப்பட்டவன் பக்கத்திலே வந்தால், அவன் முகத்தில் நம் பாட்டன் முகம் தெரிய வேண்டும். போய்கோக்கள் வந்தபோது ஊரிலிருந்த சில ஸ்வீடிஷ் குடும்பங்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அந்நியனை நேசிக்கச் சொல்லுகிற கட்டளைக்கு, நீயும் அந்நியனாயிருந்தாய் என்பதையே வேதம் காரணமாகக் காட்டுகிறது. யாத்திராகமம் 22, உபாகமம் 10 அதிகாரங்களை வீட்டில் வாசியுங்கள்.

குடும்ப ஜெபத்தில் பேசுவதற்கு:

அ. உங்கள் குடும்பத்தில் எந்தப் பாட்டு, எந்த ஜெபம் புத்தகமில்லாமல் பிள்ளைகளுக்குத் தெரியும்? இல்லையென்றால் இந்த வாரம் ஒன்றைத் தொடங்குங்கள்.

ஆ. 1930-இல் ஸ்வீடனிலே கூலியாளாக நின்ற ஒரு தகப்பனுடைய இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன முடிவெடுத்திருப்பீர்கள்? மனைவி ஒன்றும் கணவன் ஒன்றும் சொன்னால், இருவரும் காரணத்தைச் சொல்லுங்கள்.

இ. உங்கள் தெருவில் வேறிடத்திலிருந்து வந்து குடியேறினவர்கள் யார்? அவங்க எந்த ஊர், ஏன் வந்தாங்க என்று கேட்டிருக்கீங்களா?

டினீப்பர் கரையில் தண்ணீர் வற்றின இடத்தைப் பார்த்துக்கொண்டு வாழ்கிற அந்த ஊராருக்காகவும், ஊரைவிட்டுப் போனவர்களுக்காகவும் இந்த வாரம் முழங்காலில் நில்லுங்கள். 135 பேரிலிருந்து மீண்டும் ஊராக எழும்பின ஜனம் அது.